இரண்டு தூக்கம் ஒன்றாக மாறுகிறது, மதியச் சாப்பாட்டை எங்கே வைப்பது?

மகிழன் அம்மா, கோவை:
பையனுக்கு 15 மாதம். இதுவரை காலை 9.30க்கு ஒரு தூக்கம், மதியம் 2.30க்கு ஒரு தூக்கம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது காலையில் தூளியில் போட்டால் தூங்காமல் எட்டிப் பார்த்து விளையாடுகிறான். சரி என்று விட்டுவிட்டால் 11.30க்கெல்லாம் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுகிறான். எங்கள் வீட்டில் சமையல் முடியவே 12.30 ஆகிவிடும், அதற்குமுன் அவசரமாகச் சாதம் பிசைந்து உட்கார்ந்தால் இரண்டு வாய் வாங்குகிறான், மூன்றாவது வாயைத் துப்புகிறான், சில நாள் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கியும் போகிறான். சாப்பிடாமல் தூங்கினால் கொஞ்ச நேரத்திலேயே பசியில் எழுந்து அழுகை. அத்தை பாலைக் கொடுத்துத் தூங்க வை என்கிறார், பால் குடித்தால் நன்றாகத்தான் தூங்குகிறான், ஆனால் எழுந்தபின் சோற்றைத் தொடுவதில்லை. அடுத்த மாதம் டே கேரில் விடப் போகிறேன், அங்கே 12.30க்கு எல்லோரையும் படுக்க வைத்துவிடுவார்களாம். அதற்குள் இதை எப்படிச் சரிப்படுத்துவது?

யாழினி அம்மா, மதுரை:
13 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் மாறுவார்கள், பயப்படாதீர்கள். அவன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, நீங்கள் ஊட்டும் நேரத்தில் அவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. தூக்கம் வந்த குழந்தைக்கு மெல்லப் பொறுமை இருக்காது. அதனால் மதியச் சாப்பாட்டை 11 மணிக்கு, கண்ணைக் கசக்கும் முன்பே, முடித்துவிடுங்கள். பெரியவர்கள் சமையலுக்குக் காத்திருக்க வேண்டாம். காலையில் இட்லி வேகும்போதே பக்கத்து அடுப்பில் சின்னக் குக்கரில் ஒரு கை அரிசி, பாசிப்பருப்பு, கேரட், கொஞ்சம் கீரை போட்டு இறக்கி வைத்துவிட்டால் 11 மணிக்கு நெய் விட்டுப் பிசைந்து கொடுத்துவிடலாம். நான் இப்போதும் என் இரண்டாவது பெண்ணுக்கு அப்படித்தான் செய்கிறேன். காலைச் சாப்பாடு 7.30க்கு என்றால் 9.30 வாக்கில் பாதி வாழைப்பழமோ வேகவைத்த ஆப்பிளோ கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். தூங்கும் நேரத்தை ஒரே நாளில் தள்ளாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளினால் 12.30க்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். டே கேரில் எத்தனை மணிக்குச் சோறு ஊட்டுகிறார்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள், அந்த நேரத்தை நோக்கித்தான் நகர்த்த வேண்டும்.

செவிலியர் அக்கா, சேலம்:
கன்னத்தில் சோற்றோடு தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஆபத்து. கண் சொக்கும்போது ஊட்டவே கூடாது, புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும். அப்படி ஆகிவிட்டால் வாயில் இருப்பதை விரலால் பக்கவாட்டில் எடுத்துவிட்டு அப்புறம் படுக்க வையுங்கள், எழுந்தபின் ஊட்டிக்கொள்ளலாம். ஒரு வேளை குறைந்தால் ஒன்றும் ஆகாது.

பால் விஷயத்தில் உங்கள் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு மேல் பசும்பால் ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பாலில் இரும்புச்சத்து மிகவும் குறைவு, வயிறும் நிறைந்துவிடும், சோறு இறங்காது, ரத்தசோகை இப்படித்தான் வருகிறது. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கினால் முன்பல் சொத்தையாகும். பாலை எழுந்தவுடன், டம்ளரில் கொடுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, பேரீச்சை எல்லாம் மாறி மாறிப் போகட்டும், கீரைச் சாதத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். 6 மாதம் முதல் 5 வயது வரை அரசு கொடுக்கும் இரும்புச்சத்து சிரப், வாரம் இரண்டு முறை 1 மில்லி, அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வேண்டும், காய்ச்சல் இருக்கும் நாளில் வேண்டாம்.

அப்பா ஒருவன், தாம்பரம்:
யாழினி அம்மா சொன்னதில் 9.30 பழம் மட்டும் எங்களுக்குச் சரிப்படவில்லை. எங்கள் பெண்ணுக்கு நடுவில் எது கொடுத்தாலும் 11 மணிச் சாதம் பாதியோடு நின்றுவிடும். அதனால் எழுந்தவுடன் கொஞ்சம் பால், காலை டிபனை 8.30க்குத் தள்ளி வயிறு நிறையத் தோசை, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொண்டோம், மதியச் சாப்பாடு சீராகிவிட்டது. இரண்டையும் பார்த்துவிட்டு உங்கள் பையனுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. இரவு சரியாகத் தூங்காத நாளில் காலைத் தூக்கமும் வேண்டியிருக்கும், அன்றைக்குப் பழைய கணக்குப்படியே போகவிடுங்கள்.

மகிழன் அம்மா, கோவை:
ரொம்ப நன்றி. சின்னக் குக்கர் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, பாலைப் பற்றி அத்தையிடம் அவரே பேசட்டும் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு சந்தேகம், 12க்குத் தூங்கி 1 மணிக்கே எழுந்துவிட்டால் இரவு வரை எப்படி இழுப்பது? 5.30க்கே சிணுங்க ஆரம்பித்துவிடுகிறான், இரவுச் சாப்பாட்டிலும் அதே கதைதான்.

யாழினி அம்மா, மதுரை:
அப்படிப்பட்ட நாளில் இரவுச் சாப்பாட்டையும் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். 3 மணி வாக்கில் கொஞ்சம் கனமாக, மசித்த சுண்டலோ தயிர் போட்ட அவலோ கேழ்வரகுக் கூழோ கொடுத்துவிட்டால் 6 மணிக்கு இட்லி ஒன்று, ஒன்றரை போனாலே போதும், 7 மணிக்குப் படுக்க வைத்துவிடலாம். சீக்கிரம் படுத்தால் விடிகாலையில் எழுந்துவிடுவான் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் அப்படி ஆவதில்லை, அசதியில் படுத்த குழந்தைதான் நடுவில் எழுந்து அழும். இந்த வயதுக்கு இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகலில் குறைந்ததை இரவில் ஈடுகட்டப் பாருங்கள். சுண்டலை முழுதாகக் கொடுக்காதீர்கள், தோல் நீக்கி நன்றாக மசித்துக் கொடுங்கள்.