67,000 நாய்களும் எங்கே நிற்கின்றன?

புளியங்குளத்தான்:
முறிகண்டிப் பக்கம் நாய்க் காப்பகம் நடத்தும் பிள்ளைகளின் துண்டுப்பிரசுரம் ஒன்று நேற்றுத் தேத்தண்ணிக் கடையில் கைக்கு வந்தது. ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யாமல் விட்டால் ஆறு வருடத்தில் அதன் வழியில் 67,000 நாய்கள் வருமாம். கீழே வங்கிக் கணக்கு இலக்கம். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். கடித்த வடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டத்துச் சனம் ஒரு இலட்சத்து 13 ஆயிரம் சொச்சம். அப்படியானால் இரண்டு பெட்டை போதும், ஆறே வருடத்தில் மாவட்டத்தில் நாங்கள் சிறுபான்மை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு பெட்டை திரிகிறது. அவை நேற்றா குட்டி போடத் தொடங்கின? அந்த 67,000 நாய்களும் எங்கே நிற்கின்றன என்று யாராவது காட்டுங்கள்.

நெத்தலி:
எங்கள் வாசலில் நிற்கின்றன மாஸ்ரர். விடிய எண்ணினேன், நாலுதான் குறைகிறது.

வாலாட்டி:
அந்தக் காப்பகத்தில் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. முழுதாக வாசித்தீர்களா மாஸ்ரர், அல்லது இலக்கத்தைக் கண்டதும் சிவப்புப் பேனை தேடப் போய்விட்டீர்களா? 67,000 நாங்கள் அடுப்பங்கரையில் இருந்து கண்டுபிடித்த எண் அல்ல. பல நாடுகளிலும் காப்பகங்கள் சொல்லி வருவது. நாய் 63 நாளில் குட்டி போடும், வருடத்துக்கு இரண்டு தரம் பருவத்துக்கு வரும். பெருக்கம் எப்படிப் போகும் என்று காட்டத்தான் அதைப் போட்டோம்.

40 நாய்க்குக் கட்டிய கூட்டில் இன்றைக்கு 84 நிற்கின்றன. வெள்ளிக்கிழமை விடிய படலையைத் திறந்தால் சீமெந்துப் பை ஒன்று அசைகிறது. உள்ளே ஐந்து குட்டி, ஐந்தும் பெட்டை. கடுவன் என்றால் வீட்டுக்காவலுக்கு என்று வைத்துக்கொள்வார்கள், பெட்டை என்றால் எங்கள் படலை. இதற்கும் ஒரு கணக்குப் போட்டுத் தாருங்கள்.

புளியங்குளத்தான்:
போட்டுத் தருகிறேன். இரவு சாப்பிட்ட பிறகு கொப்பியோடு இருந்தேன். உங்கள் பக்கமே சாய்ந்து கணக்குப் பார்த்தேன், பிள்ளை. ஒரு ஈற்றுக்கு ஆறு குட்டி. வருடத்துக்கு இரண்டு ஈற்று. பாதி பெட்டை. ஒவ்வொரு பெட்டையும் ஒரு வயதில் முதல் ஈற்றுப் போடும். ஒன்றுகூடச் சாகாது. பாம்பு கடிக்காது, ஏ9 வீதியில் பஸ் அடிக்காது, கழிச்சல் வராது. பன்னிரண்டு அரையாண்டு முடிய, தாயையும் சேர்த்து 65,377. ஆக, சாவே இல்லாத வன்னியிலும் உங்களுக்கு 1,623 நாய் குறைகிறது.

இனி உண்மையான வன்னிக்கு வருவோம். வருடம் ஒரு ஈற்று. இரண்டு குட்டி தப்பும், அதில் ஒன்று பெட்டை. வளர்ந்த நாய் எதுவும் சாகாது என்பதை உங்களுக்காக அப்படியே விடுகிறேன். ஆறு வருடம் முடிய 127. எங்கே 67,000, எங்கே 127?

வாலாட்டி:
127 குறைவா? ஒழுங்கையில் ஏழு பெட்டை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ஏழு தரம் 127 எவ்வளவு மாஸ்ரர்?

புளியங்குளத்தான்:
889. அதுவும் 67,000 இல்லை.

வாலாட்டி:
தப்பாத நாலு குட்டியைக் கொப்பியில் வெட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்களால் அப்படி வெட்ட முடியாது, அவை எங்கள் கையில்தான் சாகின்றன. போன மாதம் பார்வோ என்ற தொற்றுக் கழிச்சல் வந்தது. யாரோ இரவில் படலையில் விட்ட குட்டியோடு வந்தது. மூன்று நாளில் பதினொரு குட்டி புதைத்தோம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சவர்க்காரத் தண்ணீருக்கு அசையாது, குளோரின் ஊற்ற வேண்டும். புதுக் குட்டியைத் தனியே வைக்க ஒரு அறைகூட எங்களிடம் இல்லை. குட்டியை விடுகிறவர்களிடம் ஒரு நாள் பொறுங்கள், தடுப்பூசி போட்ட பிறகு தாருங்கள் என்று சொன்னால், பிறகு ஏன் காப்பகம் என்று பெயர் வைத்தீர்கள் என்கிறார்கள்.

மாட்டுப்பட்டி:
நாய்க்கு அழுகிறீர்கள், சரி. என் பட்டியில் நாலு ஆட்டுக்குட்டியைக் குதறிய கூட்டத்தில் இரண்டு நாய்க்குக் காதில் வெட்டு இருந்தது. அதாவது பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, ஊசியும் போட்டு, திரும்பவும் அதே சந்தியில் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள். நல்ல வேலை. பல்லுக்கும் கருத்தடை செய்தீர்களா தங்கச்சி?

ஊசிக்காரன்:
கால்நடை அலுவலகத்தில் காலம் கழித்து ஓய்வெடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. திரும்ப அதே இடத்தில் விடுவதற்குக் காரணம் இருக்கிறது, அண்ணை. ஒரு சந்தியில் பத்து நாய் வாழச் சாப்பாடு கிடக்கிறது என்றால், பத்தையும் அகற்றினாலும் பக்கத்து ஊரில் இருந்து வேறு பத்து வரும். அவை ஊசி போடாதவை. ஊரில் 70 வீதம் நாய்க்கு ஊசி போட்டால் விசர்நோய் பரவுவது நின்றுவிடும் என்பதுதான் உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. ஊசி போட்ட நாயை அகற்றினால் அந்த வீதத்தை நாங்களே இறக்குகிறோம். கொல்வதும் முடியாது, 2006 இல் இருந்து அதுதான் அரசின் கொள்கை.

கருத்தடைக்கு ஆள் எங்கே? நாட்டில் மிருக வைத்தியப் பீடம் பேராதனையில்தான். அங்கே படித்து வருகிறவர் இங்கே நியமனம் பெற்றால், மாட்டுக்குச் சினை ஊசி, கோழி நோய், இழப்பீட்டுக் கடிதம் என்று நாள் முடிந்துவிடும். கடுவனுக்கு என்றால் சின்ன வேலை. பெட்டைக்கு வயிறு திறக்க வேண்டும், மயக்க மருந்து வேண்டும், தையல் காயும் வரை வைத்திருக்க இடம் வேண்டும். 2022 இல் மனிதருக்கே மருந்து இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலிவு என்று கருத்தடை ஊசி போடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்ட பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, மடியில் கட்டி வந்து நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

புளியங்குளத்தான்:
நல்ல விளக்கம். 67,000 பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ரொறன்ரோ குளிர்:
நான் அந்தக் காப்பகத்துக்கு மாதம் தவறாமல் அனுப்புகிறவன். அனுப்புகிறவனுக்கும் கேட்க உரிமை இருக்கிறது. போன வருடம் வெடி கடித்து வாய் சிதறிய நாய்க்கு என்று அனுப்பினேன். பிறகு அந்த நாயின் படம் ஒன்றுகூட வரவில்லை. காசு எங்கே போனது?

வாலாட்டி:
பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்த நாய் அண்ணா அது. நாலாம் நாள் செத்துவிட்டது. செத்த படத்தை அனுப்பச் சொல்கிறீர்களா? மிச்சக் காசுக்குக் குறுணல் அரிசி வாங்கினோம், பற்றுச்சீட்டு இருக்கிறது. ஒன்று சொல்லட்டுமா, இரத்தம் வடிகிற படம் போட்டால் ஒரே இரவில் காசு வந்துவிடும். 84 வாய்க்கு நாளாந்தம் குறுணலும் கோழித்தலையும், கூடு கழுவக் குளோரின், குழி வெட்டுகிறவருக்குக் கூலி என்று போட்டால் மூன்று பேர் இதயம் போட்டுவிட்டுப் போவார்கள். அரிசி மூட்டைக்கு முகம் இல்லை.

ரொறன்ரோ குளிர்:
அரிசிக்கு என்று முதலே சொல்லியிருந்தால் அரிசிக்கே அனுப்பியிருப்பேன். இங்கே இப்படி நடந்தால் கணக்காய்வு வரும்.

நெத்தலி:
அங்கே நாய்க்கும் கணக்காய்வாளர் இருப்பார் அண்ணா. இங்கே மாஸ்ரர்தான் இருக்கிறார்.

ஆனையிறவு தாண்டி:
நான் யாழ்ப்பாணம். வன்னி ஆட்கள் நாயைப் பட்டினி போடுகிறீர்கள், பிறகு எண்ணிக்கைக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் பக்கம் நாயை வீட்டில் கட்டி வளர்க்கிறோம்.

மாட்டுப்பட்டி:
ஓம், கட்டி வளர்த்து, கிழடானதும் வானில் ஏற்றி ஆனையிறவு தாண்டி எங்கள் காட்டோரம் அவிழ்த்து விடுகிறீர்கள். பரந்தனுக்கு இங்கால் கழுத்துப் பட்டியோடு பசியில் திரிகிற வெளிநாட்டு இன நாய் எந்த ஊர்? வன்னியில் யார் ஐயா பஞ்சு மயிர் நாய் வளர்க்கிறது?

ஆனையிறவு தாண்டி:
யாழ்ப்பாணம் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்ததா? உங்கள் மாடுகளைப் பற்றி முதலில் பேசுங்கள். இரவில் ஏ9 தார் சூட்டுக்கு வந்து படுத்துக்கிடக்கிற மாட்டில் அடிபட்டு எத்தனை மோட்டார் சைக்கிள் போயிருக்கிறது. கட்டாக்காலி நாய்க்கு முன்னால் கட்டாக்காலி மாடு.

மாட்டுப்பட்டி:
மேய்ச்சல் தரையைத் தாருங்கள், மாட்டைக் கட்டுகிறேன். போன வருடமும் இதே இடத்தில் இதே கதையைச் சொன்னீர்கள். அன்றைக்கும் பதில் சொன்னேன். படிக்கவில்லை.

புளியங்குளத்தான்:
மாட்டுக் கதைக்கு வேறு திரி திறவுங்கள். இங்கே கேள்வி 67,000.

கனகராயன் கரை:
எல்லோரும் பேசுவதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2010 இல் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கூரை இல்லை, வேலி இல்லை, பற்றை ஆளுயரம். கிணற்றுக்கட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. நாங்கள் விட்டுவிட்டுப் போன நாய் அல்ல, யாருடையதோ. எங்களைக் கண்டதும் குரைக்கவில்லை, எழும்பி வந்து அம்மாவின் காலடியில் படுத்தது. அன்று வந்த சாப்பாட்டுப் பொதியில் பாதியை அம்மா அதற்குத்தான் வைத்தார். அந்த நேரம் வன்னி முழுக்க இப்படித்தான் நாய்கள் நின்றன. அவற்றைத் தெருநாய் என்று யாரும் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

புளியங்குளத்தான்:
மனதைத் தொட்டது. அந்த நாய் பெட்டையா, கடுவனா?

கனகராயன் கரை:
பெட்டை. ஏன்?

புளியங்குளத்தான்:
அப்படியானால் 2016 இல் உங்கள் வளவில் 67,000 நின்றிருக்க வேண்டும்.

கனகராயன் கரை:
உங்களோடு கதைக்க வந்தது என் பிழை.

ஊசிக்காரன்:
மாஸ்ரர், அது வேண்டாம்.

வாலாட்டி:
இதற்கு மேல் பொறுக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். போன மார்கழி மழைக்குள் எங்கள் படலையில் ஒரு பிஸ்கற் பெட்டி இருந்தது. உள்ளே நாலு பெட்டைக் குட்டி, கண் திறக்கவில்லை. அடியில் விரித்திருந்தது பத்தாம் ஆண்டுக் கணிதத் தாள். சிவப்புப் பேனையால் திருத்தியது. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி. உங்களிடம் படித்த பிள்ளை ஒன்றிடம் காட்டினேன், பார்த்த உடனே சிரித்தது.

நெத்தலி:
தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருக்கிறேன். தொடருங்கள்.

புளியங்குளத்தான்:
அபாண்டம். கணிதத் தாள் வன்னியில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. இரண்டு ஆச்சரியக்குறி போடுகிற ஆசிரியர்களும் பலர். நாலு குட்டி என்கிறீர்கள். நான் என் கணக்கில் ஈற்றுக்கு ஆறு என்று உங்களுக்குத் தாராளமாகத் தந்தேன், உங்கள் சாட்சியத்தின்படியே நாலுதான். நாலு என்று வைத்தால் 67,000 இன்னும் அடிபடும்.

மாட்டுப்பட்டி:
மற்ற இரண்டும் கடுவனாக இருந்திருக்கும். அவை மாஸ்ரர் வீட்டுக் காவலுக்கு நின்றிருக்கும்.

புளியங்குளத்தான்:
என் வீட்டில் எத்தனை கடுவன் நிற்கிறது என்பது இங்கே பொருளே அல்ல.

வாலாட்டி:
பெட்டியில் விட்டது குற்றம் என்று போய் முறையிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? மிருகவதைச் சட்டம் 1907 இல் எழுதியது. அதில் தண்டம் 100 ரூபா. மாஸ்ரர் குடித்த தேத்தண்ணிக்கும் வடைக்குமே காணாது. எங்களுக்கு இருந்த அயலட்டையும் இப்போது எதிராக நிற்கிறது. குரைக்கிற சத்தம், மணம், புதைக்கிற குழியால் கிணற்றுத் தண்ணீர் கெடும் என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். மனுவில் பிழை இல்லை, அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் கையெழுத்து வைத்தவர்களில் மூன்று பேர் எங்களிடம் நாய் தந்தவர்கள். இடம் மாற்றக் காணி கேட்டால், காட்டோரம் போனால் யானை, வயலோரம் போனால் சண்டை. வேலைக்கு நின்ற பெடியள் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கை கடிபட்டு ஊசி போடுகிறோம். இதில் எதையும் கேட்காமல் நீங்கள் 67,000 க்குள் நிற்கிறீர்கள்.

புளியங்குளத்தான்:
நீங்கள்தான் அதை அச்சடித்தீர்கள். எண்ணை எடுத்துவிடுங்கள், நான் போய்விடுகிறேன்.

வாலாட்டி:
எடுக்க மாட்டேன். 2,000 துண்டு அடித்தாயிற்று. மறுபடி அடிக்கக் காசு நீங்கள் தருவீர்களா?

புளியங்குளத்தான்:
பிழையான எண்ணுக்கு நான் ஏன் காசு தர வேண்டும்?

ரொறன்ரோ குளிர்:
அந்த 2,000 துண்டும் என் காசிலா அடித்தீர்கள்?

ஆனையிறவு தாண்டி:
துண்டில் எழுத்துப்பிழையும் இருக்கிறது. வன்னியில் இப்படித்தான் தமிழ் எழுதுவீர்களா என்று கேட்டால் கோபம் வரும்.

மாட்டுப்பட்டி:
வரும்.

மதகடி:
இந்தத் திரிக்குப் புதியவன், மன்னிக்கவும். மாங்குளம் சந்திக்கு அருகில் மதகுக்குள் ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கிறது. இருட்டு, ஐந்தா ஆறா தெரியவில்லை. மழை வந்தால் தண்ணீர் உள்ளே போகும். யாருக்காவது சொல்ல முடியுமா?

புளியங்குளத்தான்:
ஐந்தா ஆறா என்பதை முதலில் சரியாக எண்ணிச் சொல்லுங்கள். இப்படித்தான் 67,000 வருகிறது.

வாலாட்டி:
கூட்டில் இடம் இல்லை என்று எழுதி அழித்துவிட்டேன். மதகு சந்தியில் இருந்து எந்தப் பக்கம்? முல்லைத்தீவு வீதியா, மல்லாவி வீதியா? தாய் கடிக்கும், கையை விட வேண்டாம்.

மதகடி:
மல்லாவி வீதி. இப்போது ரோச் அடித்துப் பார்த்தேன், ஏழு.

புளியங்குளத்தான்:
ஏழா? எத்தனை பெட்டை?