இன்வெர்ட்டர் பேட்டரியின் அகமின்தடை உயர்ந்துவிட்டது: மீட்க வழி உண்டா?

மதுரையில் எங்கள் வீட்டில் உள்ள 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, வாங்கி நான்கு ஆண்டுகள் ஆன நிலையில், கடந்த மாதத்திலிருந்து மின்வெட்டின்போது சில நிமிடங்களிலேயே நின்றுவிடுகிறது; படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு மின்விசிறி அவசியம் என்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது.

சுமை இல்லாதபோது 12.5 வோல்ட் காட்டும் பேட்டரி, கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர் ஓடும்போது, அதன் முனைகளிலேயே அளந்தாலும் 10.3 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அப்படியானால் அகமின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) சுமார் 55 மில்லி ஓம். ஏறத்தாழ 88 வாட் திறன் உள்ளேயே வெப்பமாக வீணாகிறது.

முனைகளில் பூத்திருந்த பச்சைப் படிவை வெந்நீரால் கழுவி, வாசலின் தடவி, கேபிளையும் மாற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி இரவு முழுவதும் சார்ஜ் செய்தும் பயனில்லை. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில், பேட்டரியின் ஆறு செல்களில் ஐந்து 1.250 காட்ட, நேர்முனையை ஒட்டிய செல் மட்டும் 1.190-ஐத் தாண்டவில்லை, சுமை ஏறும்போது அந்தச் செல்லில் மட்டுமே குமிழிகள் எழுகின்றன.

அந்த ஒரு செல்லை ஈக்வலைசிங் சார்ஜ் (எல்லாச் செல்களையும் சமநிலைக்குக் கொண்டுவரக் கூடுதலாகச் செய்யும் சார்ஜ்) மூலம் மீட்க முடியுமா, அல்லது பேட்டரியையே மாற்றத்தான் வேண்டுமா?