சர்க்கரைக் குழு: போன அழைப்பில் நடந்ததும் ஒரு வேண்டுகோளும்

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதம் ஒருமுறை நடக்கும் நம் சர்க்கரைக் குழு அழைப்பில் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா, வெறும் அரட்டையா என்று ஓர் அண்ணன் தனிமடலில் கேட்டிருந்தார். அரட்டையும் உண்டு அண்ணே. அதில்தான் காரியமும் நடக்கிறது.

போன முறை ஓர் அக்கா, "வெறும் வயிற்றில் 11" என்றார். "பதினொன்றுதானா! எனக்கு 160" என்று இன்னொருவர் பொறாமைப்பட்டார். அக்கா இருக்கும் நாட்டில் மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும், இவருடையது மில்லிகிராம் கணக்கு. 11-ஐ 18-ஆல் பெருக்கினால் 198. பொறாமைப்பட்டவருக்குத்தான் சர்க்கரை குறைவு! ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம், எண்ணைச் சொல்லும்போது கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒருவர் தானாகவே ஒன்றை ஒப்புக்கொண்டார். சர்க்கரை கூடிய நாட்களை நோட்டில் எழுதுவதே இல்லையாம். நோட்டைப் பார்த்தால் தங்கமான நோயாளி. ஆனால் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்து கடந்த சில மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனைதான் எச்பிஏ1சி. அது 9 சதவீதம் என்று எக்கச்சக்கமாக வந்து குட்டை உடைத்துவிட்டது. அவர் சொன்னதும் இன்னும் மூன்று பேர் "நானும்தான்" என்றார்கள். நான் என்ன யோக்கியமா? சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து அரைவயிறு சாப்பிடுகிற ஆள். டாக்டர் முன்னால் வாயே திறக்காத பேச்சு இது. திட்டு விழாத இடத்தில்தான் வெளியே வருகிறது.

ஒரு சித்தப்பா வருடக்கணக்காகத் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் இன்சுலின் போட்டு வந்திருக்கிறார், அங்கே வலிக்காதாம். நம்மில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை, "விரலால் அமுக்கித் தடவிப் பாருங்க சித்தப்பா" என்றாள். உள்ளே கோலிக்குண்டு போல ஒரு கட்டி. அந்தக் கட்டியில் போடும் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. இடத்தை மாற்றினால் மருந்து ஒழுங்காக ஏறி, பழைய அளவே அதிகமாகிச் சர்க்கரை இறங்கிவிடலாம். அதனால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றச் சொன்னாள்.

இறங்கினால் என்ன செய்வது என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். சர்க்கரை மில்லிகிராம் கணக்கில் 70-க்குக் கீழே, அதாவது மில்லிமோலில் 3.9-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நடுங்கிக்கொண்டிருப்பவரால் தனக்குத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போகலாம். அதனால்தான் வேண்டுகோள்: அடுத்த முறை கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இன்னொன்று. "இன்சுலினைத் தூக்கிப் போடுங்கள்" என்கிற ஃபார்வர்டு இந்தக் குழுவுக்கு வேண்டாம். உடம்பில் இன்சுலின் சுரக்காத முதல் வகை சர்க்கரை உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1922 ஜனவரியில் டொரோன்டோவில் 14 வயதுப் பையன் லியோனார்டு தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. யாருக்கும் மருந்தளவு சொல்வதும் நம் வேலை இல்லை, அதை அவரவர் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த அழைப்பு முழுக்கப் பாதத்தைப் பற்றி. சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய காலில் புண் வந்தால் வலிக்காது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. காலுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியோடு வாருங்கள். கேமராவில் காட்டக் கூச்சமாக இருந்தால் அணைத்துவிடுங்கள், பரவாயில்லை.

அன்புடன்,
உங்களில் ஒரு சர்க்கரைக்காரன்