ஒப்பந்தத்தை ஆடிட்டர் எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

மாம்பலம் ஆடிட்டர்: நேற்று இங்கே ஒரு வக்கீல் எழுதியிருந்தார்: சென்னையில் ஒரு கம்பெனி கைமாற வேண்டுமென்றால், கம்பெனிச் சட்டம் மட்டும் பார்க்கும் சின்ன வக்கீல் ஆபீஸ்கள்தான் கதியாம்; ஆடிட்டர் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். அப்படியா சார்? அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனை பட்டறைகள் ஆடிட்டர் எழுதிய ஒப்பந்தத்தில் கைமாறியிருக்கின்றன தெரியுமா?

தம்புச்செட்டித் தெரு: அந்த வக்கீல் நான்தான், பெயர் சொல்ல என்ன கூச்சம்? வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 29ஆவது பிரிவைப் படியுங்கள்: வக்கீல் தொழில் செய்ய வக்கீல்களுக்கு மட்டுமே உரிமை. ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கோர்ட்டுக்கு வெளியே செய்கிற சட்ட வேலையும் வக்கீல் தொழில்தான். நம் ஹைகோர்ட்டில் தொடங்கிய வழக்குதான் அது.

மாம்பலம் ஆடிட்டர்: அது வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகளைப் பற்றிய வழக்கு. நான் லண்டனா? மேற்கு மாம்பலம்.

புதுக்கடை: சின்ன ஆபீஸ் என்றால் ஐந்து பேரா, ஐம்பது பேரா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

தம்புச்செட்டித் தெரு: சரி மாம்பலம், சட்டத்தை விடுங்கள். ஓர் ஆடிட்டர் எழுதிய ஒப்பந்தம் என்னிடம் வந்தது. "பழைய பாக்கி எல்லாவற்றுக்கும் விற்பவரே பொறுப்பு" என்று ஒரே வரி. எவ்வளவு தொகை வரை? எத்தனை வருடத்துக்கு? ஒன்றும் இல்லை. தெரிந்த வில்லங்கங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கடிதமும் இல்லை. பி.எஃப். பாக்கி நோட்டீஸ் வந்ததும் வாங்கியவர் முழுப் பணத்தையும் விற்ற பெரியவர் தலையில் கட்டினார். அந்தப் பெரியவர் மறுபடி அதே தொழில் தொடங்கக் கூடாது என்றும் ஒரு வரி. எந்த ஊரில், எவ்வளவு காலம் என்பதே இல்லை. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவில் அது எப்படி நிற்கும்? குட்வில், அதாவது தொழிலின் நற்பெயரை, விற்றால் விலக்கு உண்டு, அதற்கும் நியாயமான எல்லை வேண்டும்.

மாம்பலம் ஆடிட்டர்: அந்த பி.எஃப். பாக்கியை முதலில் கண்டுபிடிப்பது யார்? சலான் கட்டைப் புரட்டும் என் ஆபீஸ் பையன்! உங்கள் ஆட்கள் அவன் எழுதியதைத் தமக்கு வேண்டிய இங்கிலீஷில் மாற்றிப் பில் போடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு விற்பனை: இரண்டு கட்சியும் சென்னை, சொத்து திருமுடிவாக்கம். நீங்கள் புகழ்கிற மாதிரியான ஓர் ஆபீஸ் தயாரித்த ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் பூனா நீதிமன்றம்". பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைப் பிடித்தது யார்? கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய நான்.

சோழிங்கநல்லூர்: என் பங்கை வெளிநாட்டுக்காரருக்கு விற்றபோது மும்பைப் பெரிய ஆபீஸ் ஒரு ஜூனியரைத்தான் போனில் கொடுத்தது. இங்குள்ள சின்ன ஆபீஸில் பார்ட்னரே உட்கார்ந்து படித்தார். பங்கு வெளிநாட்டவருக்குக் கைமாறியதைத் தெரிவிக்கும் எஃப்சி-டிஆர்எஸ் படிவத்தை 60 நாளுக்குள் போட வேண்டும் என்று பேங்கை விரட்டியதும் அவர்தான்.

மாம்பலம் ஆடிட்டர்: முன்பு நடந்த ஜிஎஸ்டி விவாதத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இங்கே வந்து பழி தீர்க்கிறீர்களா? அந்தப் படிவத்தை என் ஆபீஸ் பையனே போடுவான்.

சோழிங்கநல்லூர்: ஜிஎஸ்டியில் யார் வாங்கியது என்று ஊருக்கே தெரியும். பங்கு மாற்றத்துக்கு ஸ்டாம்ப் 2020 ஜூலையிலிருந்து 0.015 சதவீதம். என் பழைய ஆடிட்டர் 0.25 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

மாம்பலம் ஆடிட்டர்: அது நான் இல்லை.

சோழிங்கநல்லூர்: நீங்கள் என்று நான் சொன்னேனா?

தம்புச்செட்டித் தெரு: ஸ்டாம்ப் கிடக்கட்டும். 29ஆவது பிரிவுக்குப் பதில் எங்கே?

மாம்பலம் ஆடிட்டர்: சொல்லியாயிற்று. லண்டன் வழக்கு. வேறு தீர்ப்பு இருந்தால் போடுங்கள். பூனா நீதிமன்றத்தில் வாங்கியதாக இருந்தாலும் சரி.

தம்புச்செட்டித் தெரு: படித்தால்தானே புரியும். 2018, உச்ச நீதிமன்றம்.

மாம்பலம் ஆடிட்டர்: வெளிநாட்டுக் கம்பெனி. மேற்கு மாம்பலம் வெளிநாடு இல்லை.