பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குப் போகணும்னா எந்த வழி? (தர்மபுரி ஹவுஸ் சர்ஜன்)

மாங்காத்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. தர்மபுரியில எம்.பி.பி.எஸ் முடிச்சிட்டு இப்ப ஹவுஸ் சர்ஜன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். எங்க தாத்தாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரை வேலை செய்யறப்ப எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வர்றாரு. அடுத்த வேளை மாத்திரை நெருங்கறப்ப வாசப்படியில கால் ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடறாரு. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நியூராலஜி மேல ஆசை வந்துச்சு. வீட்ல, "ஆராய்ச்சின்னா காலம் பூரா எலியோட கிடக்கணும், பேசாம கிளினிக் போடு"ங்கறாங்க. நிஜமாவே லேப்தானா? எவ்வளவு வருஷம் ஆகும்?

ஓசூர் ரோடு:
கிருஷ்ணகிரியில ரிட்டயர் ஆகி உக்காந்திருக்கற நியூராலஜிஸ்ட்ம்மா நான். வருஷக் கணக்கை முதல்ல முடிச்சிடறேன்: எம்.டி. ஜெனரல் மெடிசின் 3, டி.எம். நியூராலஜி 3, அதுக்கு மேல மூவ்மென்ட் டிசார்டர் (நடுக்கம், விறைப்பு மாதிரி அசைவுக் கோளாறு) ஃபெல்லோஷிப். பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை ரெண்டுலயும் இந்தத் துறை நல்லா இருக்கு. நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டுலயே இருக்கறதால நம்ம ஊர் நோயாளிங்களையும் அங்க நிறையப் பார்ப்பே.

எலிக் கதைக்கு வர்றேன். 1982-ல கலிபோர்னியாவுல சில போதைப் பழக்க இளவட்டங்க திடீர்னு மரமா உறைஞ்சு போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. சிலரை மனநோய்னு கூட நினைச்சாங்க. லாங்ஸ்டன்னு ஒரு நியூராலஜிஸ்ட் இது பார்க்கின்சன் மாதிரியே இருக்கேன்னு லெவோடோபா (அசைவுக்கு வேண்டிய டோபமைன்ங்கற ரசாயனமா மூளையில மாறற மருந்து) குடுத்தார், அசைய ஆரம்பிச்சாங்க. அதோட விடலை. என்னத்த ஊசி போட்டீங்கன்னு துருவிப் போனதுல, கள்ளத்தனமா காய்ச்சின போதைப்பொருள்ல எம்.பி.டி.பி.ங்கற கலப்படம் சிக்குச்சு. மூளையில டோபமைனைச் சுரக்கற சப்ஸ்டான்ஷியா நைக்ராங்கற இடத்தைக் குறி பார்த்து அழிக்கற விஷம். அதுக்கப்புறம்தான் விலங்குகள்ல இந்த நோயை உண்டாக்கிப் படிக்க நல்ல வழி கிடைச்சது. வீட்ல சொல்லு, எலிக்கு அந்த விஷம் அவ்வளவா ஏறலை; சுண்டெலிக்கும் குரங்குக்கும்தான் ஏறுச்சு.

லேப் பின்னாடி வந்துச்சு, ஓ.பி.யில ஒருத்தர் உத்துப் பார்த்தது முன்னாடி. நான் பண்ணினதும் பாதி அதுதான். பென்ஷன்காரர் வந்தா பழைய பத்திரம், பாஸ்புக் எடுத்துட்டு வரச் சொல்வேன். வருஷா வருஷம் கையெழுத்து சிறுத்துக்கிட்டே வந்திருக்கும், கடைசி எழுத்து எறும்பு சைஸுக்குப் போயிருக்கும். "போன தீபாவளியிலிருந்துதான் சார் நடுக்கம்"னு அவர் சொல்லுவாரு. நோய் அதுக்கும் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். மோப்பம் எப்ப போச்சு, தூக்கத்துல கத்திக் கை கால் வீசறாரான்னு வீட்டம்மா கிட்டயும் கேக்கணும். எம்.ஆர்.ஐ. நார்மல்னு ஃபைலை மூடறவங்களுக்கு இது எதுவும் தெரிய வராது.

தாத்தா வாசப்படிக்கு முன்னாடி தரையில குறுக்கால நாலஞ்சு கலர் டேப் ஒட்டிப் பாரு, கோட்டைத் தாண்டச் சொல்லு. நிறையப் பேருக்குக் கால் எழும்பும். பக்கத்துல ஆள் இருக்கட்டும்.

பாரூர் ஏரி:
சார், ஒரு சந்தேகம். எங்க பெரியம்மாவுக்கு மாத்திரையோட பூனைக்காலிப் பொடியும் சேர்த்துக் குடுத்தாங்க. உடம்பு நெளிஞ்சு நெளிஞ்சு நிக்கவே இல்லை. பொடியில விஷம் ஏதும் இருக்குமா? இன்னொண்ணு, களியும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்ட கையோட மாத்திரை போட்டா அன்னிக்கு மாத்திரை ஏறவே மாட்டேங்குது.

ஓசூர் ரோடு:
விஷம் இல்லைங்க, மருந்தேதான்! பூனைக்காலி விதையில லெவோடோபா இருக்கு. 1937-லயே சென்னையில தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரிச்செடுத்து எழுதியிருக்காங்க. என்னத்துக்கு ஆகும்னு அப்ப யாருக்கும் தெரியாது. மருந்தால உறைஞ்சு போன முயல் லெவோடோபா குடுத்தா அசையும்னு ஸ்வீடன் விஞ்ஞானி கார்ல்சன் காட்டினது 1957. வியன்னாவுல ஹோர்னிகீவிச்ங்கற விஞ்ஞானி, பார்க்கின்சன் நோயாளிங்க மூளையில டோபமைன் குறைஞ்சிருக்குன்னு 1960-ல கண்டுபிடிச்சார். அடுத்த வருஷமே லெவோடோபாவை ஊசியாப் போட்டுப் பார்த்தாங்க. அமெரிக்காவுல காட்ஸியஸ்ங்கற டாக்டர் மெல்ல மெல்ல அளவைக் கூட்டி வாய் வழியாக் குடுத்தது 1967-ல. சென்னை விதைக்கு வேலை கிடைக்க அத்தனை காலம்! உங்க பெரியம்மாவுக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து டோஸ் எகிறிடுச்சு, அந்த நெளிவு அதனாலதான் இருக்கும். பொடியை அவங்க டாக்டர் கிட்ட மறைக்காதீங்க.

கொள்ளு விஷயம் சரிதான். அதுல இருக்கற புரதமும் லெவோடோபாவும் குடல்ல ஒரே பாதைக்குப் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை போடச் சொல்லுங்க, வாந்தி வராதான்னும் பாத்துக்கோங்க.

மாங்காத்தோப்பு:
டேப் இன்னிக்கே ஒட்டிடறேன் சார். டி.எம். வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஏதாவது பண்ண முடியுமா?

ஓசூர் ரோடு:
முடியும்மா. மெடிசின் ஓ.பி.க்குக் கைகால் விறைச்சு, மெதுவா நடந்து வர்றவங்களோட மாத்திரைப் பையைக் கொட்டிப் பாரு. தலைசுத்தலுக்குச் சின்னரிசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடுன்னு மாசக்கணக்கா முழுங்கிட்டு இருப்பாங்க. அதுவே பார்க்கின்சன் மாதிரி ஆக்கும். நிறுத்தினா பெரும்பாலும் மாசக்கணக்குல சரியாகும். அப்படி வர்றவங்களைத் தொடர்ந்து பார்த்து எழுதறதே ஒரு நல்ல ஸ்டடி. ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற எதிக்ஸ் கமிட்டிக்கு என்ன கேக்கப் போறேன்னு ஒரு பக்கம் எழுதிட்டு அப்புறம் புரொஃபசரைப் பாரு. வெறுங்கையோட போனா "பார்க்கலாம்மா"ன்னு அனுப்பிடுவாங்க.