ஆகஸ்ட்டில் எடின்பரோ வீட்டை வாடகைக்கு விட்ட அனுபவம்: உரிமமும் பொதுப் படிக்கட்டும்

எடின்பரோவின் மார்ச்மாண்ட் பகுதியிலிருந்து:

ஒவ்வொரு ஜூலையிலும் நம்மவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். "ஆகஸ்ட்ல ஊருக்குப் போறோம், வீடு பூட்டித்தானே கிடக்கும், ஃபிரிஞ்ச் கலை விழாவுக்கு வர்றவங்களுக்கு விடலாமா?" விடலாம். ஆனால் ஜூலையில் கேட்டால் நேரம் போதாது. முந்தைய கார்த்திகை மார்கழியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். நான் முதல் வருடம் தெரியாமல் கோட்டை விட்டேன், இரண்டாம் வருடம்தான் சரியாகச் செய்தேன். அதை விவரமாகவே எழுதுகிறேன்.

1947-இல் சர்வதேச விழாவுக்கு அழைக்கப்படாத 8 நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து நடித்ததில் பிறந்தது ஃபிரிஞ்ச். இன்று ஆகஸ்ட் வந்தால் நகரத்தில் படுக்க இடம் கிடைப்பதில்லை. அதனால் வீட்டை விடுவது இங்கே பழைய வழக்கம். ஆனால் ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகைக்கு உரிமம் கட்டாயம் என்று 2022-இல் சட்டம் வந்தது. புதிதாக விடுபவர்களுக்கு அந்த வருடம் அக்டோபர் 1 முதல். முன்பிருந்தே விட்டவர்கள் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உரிமம் இல்லாமல் விட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். 'என் சொந்த வீடு, மூன்றே வாரம், இதற்கெல்லாமா?' என்று நானும் நினைத்தேன். ஒரு இரவு என்றாலும் வேண்டும்.

முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்களும் வீட்டில் இருந்துகொண்டு ஒரு அறையை விடுவது ஒரு வகை. நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது குடியிருக்கும் வீட்டையே விடுவது இன்னொன்று. நீங்கள் குடியிராத வீட்டை விடுவது மூன்றாவது, அதற்குத்தான் கெடுபிடி அதிகம். என்னுடையது இரண்டாவது. வருடத்தில் 6 வாரத்துக்கு மேல் போகாமல் தற்காலிக விலக்கு வாங்கும் வழியும் உண்டு, ஆகஸ்ட்டில் மட்டும் விடுபவர்கள் முதலில் அதை நகரக் கவுன்சிலில் விசாரியுங்கள். நான் ஹோக்மனே என்ற ஸ்காட்லாந்துப் புத்தாண்டு நாட்களுக்கும் விட நினைத்ததால் முழு உரிமத்துக்கே விண்ணப்பித்தேன்.

காகித வேலையை விட வீட்டு வேலைதான் அதிகம். கூடத்திலும் நடையிலும் புகை அலாரம், அடுப்படியில் வெப்ப அலாரம், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைப்பு. கேஸ் பாய்லர் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு அலாரமும், வருடா வருடம் கேஸ் சான்றிதழும். வயரிங் சோதனை. கெட்டில், டோஸ்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் தனிச் சோதனை. என் மிக்ஸி அதில் தேறவில்லை, ஊரிலிருந்து தூக்கி வந்தது, பிளக்கை மாற்றிக் கட்டியிருந்தோம். சோஃபாவில் தீத்தடுப்பு முத்திரை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தோம். தண்ணீர்க் குழாய்களில் லீஜியோனெல்லா கிருமி வளர வாய்ப்புண்டா என்று எழுதி வைக்க வேண்டும். 50 லட்சம் பவுண்டுக்குக் குறையாத பொதுப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். என் காப்பீட்டு நிறுவனம் முதலில் "எல்லாம் உள்ளடக்கம்" என்று தொலைபேசியில் சொன்னது. எழுத்தில் கேட்டபோது வாடகை விருந்தினர் அதில் இல்லை என்று பதில் வந்தது. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதையெல்லாம் விட மனதில் நிற்பது வேறு. விண்ணப்பம் போட்டதும் வீட்டருகே வெளியார் கண்ணில் படும்படி 21 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். பொதுப் படிக்கட்டின் வாசல் கதவருகே ஒட்டினேன். அன்று மாலையே கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். எண்பதை நெருங்கும் வயது. நாலு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் "ஹலோ"வுக்கு மேல் பேசியதில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். உட்காரச் சொல்லி டீ போட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. எதிர்வீடு சில வருடம் விடுமுறை வாடகைக்குப் போனதாம். நள்ளிரவில் கல் படியில் சூட்கேஸ் சக்கரம் ஒவ்வொரு படியாக இடிக்கும் சத்தம், தெரியாத ஆட்கள் தம் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பது, புகார் சொல்ல ஒரு மனிதர் கூட இல்லாதது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இரவு 2 மணிக்கு நான் யாரைக் கூப்பிடுவது?" என்னிடம் பதில் இல்லை. நான்தான் மதுரையில் இருப்பேனே.

அடுத்த வாரம் மெடோஸ் பூங்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோழியிடம் பேசி, அவள் எண்ணையும் என் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். இரவு 10 மணிக்கு மேல் பெட்டியைத் தூக்கித்தான் ஏற வேண்டும் என்று வீட்டு விதிகளில் சேர்த்தேன். அவர் ஆட்சேபணை போடவில்லை. உரிமம் வசந்த காலத்தில் வந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், மதுரையில் விடிகாலை, தோழியின் அழைப்பு. குளியலறைக் குழாய் இணைப்பு விட்டுப்போய் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். விருந்தினர்கள் நிகழ்ச்சிக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மாதான் பார்த்துவிட்டு தோழியைக் கூப்பிட்டிருக்கிறார். அரை மணியில் தண்ணீரை அடைத்துவிட்டாள். அந்த எண் அவர் கையில் இல்லாதிருந்தால் கூரையே இறங்கியிருக்கும்.

லீத்திலிருந்து:

அக்கா, எங்கட கதை வேற மாதிரி. போன வருசம் லண்டனில இருக்கிற ஒரு குடும்பத்தோட ரெண்டு கிழமைக்கு வீடு மாத்துறதெண்டு கதைச்சு வைச்சிருந்தனாங்கள். அவை இங்க நிண்டு ஃபிரிஞ்ச் பாக்கிறது, நாங்கள் அவையின்ர வீட்டில நிண்டு பிள்ளையளுக்கு லண்டன் காட்டுறது. ஒரு சதமும் கைமாறேல்ல. காசு இல்லாட்டி லைசென்ஸ் எதுக்கெண்டுதான் நானும் நினைச்சன். கவுன்சிலுக்கு அடிச்சுக் கேட்டா, வீட்டுக்கு வீடு மாத்துறதும் ஒரு பெறுமதிதானாம், அதுக்கும் வேணுமாம். அம்மா அப்பா, சொந்தச் சகோதரங்கள் வந்து நிண்டா தேவையில்லை. சிநேகிதரெண்டா, பதிலுக்கு ஒண்டும் வாங்காட்டித்தான் பிரச்சினையில்லை. கடைசியில அந்த வருசம் மாத்தவே இல்லை. பிள்ளையள் அழுததுதான் மிச்சம். இப்ப நேரத்துக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறன்.

லண்டனிலிருந்து, நாடகக் குழு:

வாடகைக்கு வருபவன் பக்கத்தையும் சொல்கிறேன். நாங்கள் 5 பேர். பிப்ரவரியிலேயே நியூவிங்டன் பக்கம் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். விளம்பரத்தில் உரிம எண் இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. ஜூலை நடுவில் உரிமையாளர் "உரிமம் கிடைக்கவில்லை, மன்னியுங்கள்" என்று ரத்து செய்தார். பணம் திரும்பி வந்தது, ஆனால் அந்தப் பணத்துக்கு நகரத்தில் ஒரு கட்டில் கூட இல்லை. கடல் கழிமுகத்துக்கு அப்பால் கிர்க்கால்டியில் தங்கி, தினமும் இரவு கடைசி ரயிலுக்கு ஓடினோம். மேக்கப் கலைக்கக் கூட நேரமில்லை. உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டைக் கவுன்சில் பொதுவில் வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் எண்ணை அதில் தேடிப் பாருங்கள். விதிகள் அதிகமாகிவிட்டதால்தான் கலைஞர்களுக்கு இடமில்லை என்று எங்கள் வட்டத்தில் கோபம் இருக்கிறது. அது முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைத் தெருவில் நிறுத்தியது விதியல்ல, விதியைக் கவனிக்காமல் பணம் வாங்கியவர்.

கார்ஸ்டார்பினிலிருந்து:

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் திட்டம் இங்கே முழுசாகச் சரிவராது. ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும், ஃபிரிஞ்ச் மாதக் கடைசி வரை போகும். அதனால் நாங்கள் இருந்துகொண்டே மாடி அறையை விடுகிறோம். அலாரம், சான்றிதழ் எல்லாம் இதற்கும் உண்டு. கூடவே ஒரு விஷயம்: சொந்த வீட்டில் தளபாடத்தோடு அறையை விட்டு வரும் வருமானத்தில் வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வரி விலக்கு இருக்கிறது. வந்து தங்கிய மெல்போர்ன் பெண் காலையில் எங்களோடு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

மார்ச்மாண்ட்டிலிருந்து, மறுபடி:

தனிச்செய்தியில் ஒரு தம்பி, வாங்கிப் போட்டிருக்கும் இரண்டாவது ஃபிளாட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். தம்பி, அது மூன்றாவது வகை. 2022 செப்டம்பர் 5 முதல் எடின்பரோ நகரம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பகுதி. முழு வீட்டையும் குறுகிய கால வாடகைக்கு மாற்றத் திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) தனியாக வேண்டும். பொதுப் படிக்கட்டு வீடுகளுக்கு உரிமம் தரக்கூடாது என்ற முன்முடிவோடு கவுன்சில் வைத்திருந்த கொள்கையை 2023 ஜூனில் நீதிபதி லார்ட் பிரெய்ட் செல்லாது என்றார். அதை வைத்துக்கொண்டு எல்லாம் தளர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள், திட்ட அனுமதி அப்படியேதான் இருக்கிறது. அந்த ஃபிளாட்டை நீண்ட காலக் குடித்தனத்துக்கு விடுங்கள் என்பேன். இந்த ஊரில் குடியிருக்க வீடு தேடி அலையும் நம் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2026 ஜூலை 24 முதல் தங்குபவர்களிடம் 5% நகர வரியும் வசூலிக்க வேண்டும், முதல் 5 இரவுகளுக்கு. வாடகையைச் சொல்லும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

லீத் தம்பிக்கு: அறிவிப்பை ஒட்டும் முன் படிக்கட்டு வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். நான் இந்த முறை அப்படித்தான் செய்தேன். கீழ்வீட்டு அம்மா என் எண் எழுதிய அதே பழைய தாளை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார். தோழி வீடு மாறிவிட்டதால் புது எண்ணை அதன் கீழேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.