மாலையில் பறக்குமாம், வயதான மரக் கோஸ்டர்!

நட்டுபோல்ட்டு:
பழைய ரோலர் கோஸ்டர்கள் பற்றிய வேறொரு இழையில் கடைசிவரிசை எழுதிய ஒரு வரி இரண்டு நாளாக என்னைக் குடைகிறது. “மரக் கோஸ்டருக்கு வயது ஏற ஏறத்தான் உயிர் வருகிறது, காலையில் சோம்பலாக ஓடுவது மாலையில் பறக்கும், இரும்பால் இதைச் செய்யவே முடியாது.” கீழே கைதட்டல் வேறு. ஐயா, பறக்கும் என்றால் எவ்வளவு? யாராவது அளந்தீர்களா?

மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், ஆணி தளரும், தடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது முதுகெலும்பு வாங்கும் அடிக்குப் பெயர் உயிர் அல்ல, பராமரிப்புப் பாக்கி. அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சாஸ் பூங்காவில் 1990-ல் வந்த டெக்சாஸ் ஜயண்ட் என்ற மரக் கோஸ்டருக்கு இரும்புத் தடம் போட்டு 2011-ல் மறுபடி திறந்தார்கள். சீடர் பாயிண்ட் பூங்காவில் 1991-ல் வந்த மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர், 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது. பழைய மரச் சட்டத்தை வைத்துக்கொண்டே தடத்தை மட்டும் இரும்பாக்கினார்கள், சனம் அதற்குத்தான் வரிசை கட்டி நிற்கிறது. அப்புறம் என்ன மரத்தின் மகிமை?

கடைசிவரிசை:
தனி இழை திறந்து கௌரவித்ததற்கு நன்றி. பறப்பது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். சக்கர பேரிங்கில் இருக்கும் கிரீஸ் காலையில் கெட்டியாக இருக்கும். நாள் முழுக்க ஓட ஓடச் சூடாகி இளகும், இழுவை குறையும். தடத்தின் மேல் பதித்த இரும்புப் பட்டையும் தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாகும். லேசாகத் தூறினால் இன்னும் வழுக்கும், அதனால்தான் மழை வந்தால் பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள், பிரேக் சரியாகப் பிடிக்காது. இதெல்லாம் கோஸ்டர் ஓட்டுகிற எவரும் சொல்லும் சங்கதி. அளந்தீர்களா என்றால், மடிக்கு மேல் பூட்டும் லேப் பார் கம்பிக்கும் என் தொடைக்கும் நடுவே உள்ள இடைவெளியே எனக்கு அளவுகோல்.

மீன் ஸ்ட்ரீக்கைச் சாட்சிக்கு இழுத்தீர்களே, அதன் முதல் இறக்கத்திலேயே பிரேக் இருந்ததைச் சொல்ல ஏன் மனசு வரவில்லை? விழ ஆரம்பித்ததுமே பிடித்து நிறுத்தினால் எந்தக் கோஸ்டரும் சவ வண்டிதான். அது வயதாகிக் கெட்டதல்ல. கோனி ஐலண்ட் சைக்ளோன் 1927-ல் வந்தது, சாண்டா குரூஸின் ஜயண்ட் டிப்பர் 1924. மீன் ஸ்ட்ரீக் அவற்றுக்குப் பேத்தி வயது. பேத்தி படுத்துவிட்டாள், பாட்டிகள் ஓடுகிறார்கள்.

நட்டுபோல்ட்டு:
பதில் நீளம், எண் ஒன்றுகூட இல்லை. சரி, கிரீஸ் இளகும் என்றே வைத்துக்கொள்வோம். இரும்புக் கோஸ்டரின் சக்கரத்தில் என்ன விளக்கெண்ணெயா இருக்கிறது? அங்கேயும் பேரிங், அங்கேயும் கிரீஸ். பாலியூரித்தேன் சக்கரம் குளிரில் விறைக்கும், சூட்டில் நன்றாக ஓடும். கடுங்குளிரில் பல இரும்புக் கோஸ்டர்களை ஓட்டாமலே வைப்பது இதனால்தான். ஆக “இரும்பால் முடியவே முடியாது” என்ற பாதி போயிற்று. மீதிப் பாதிக்கு வருகிறேன்: அளந்தீர்களா?

மரமண்டை:
மாலையில் நான்கூட வேகமாகத்தான் ஓடுவேன், வேலை முடிகிற நேரம். அதற்கும் கிரீஸுக்கும் சம்பந்தமில்லை.

பழையகணக்கு:
கடைசிவரிசை அளக்கமாட்டார், அவருக்கு அது பழக்கமில்லை. கிங்ஸ் ஐலண்ட் பூங்காவின் சன் ஆஃப் பீஸ்ட் என்ற மரக் கோஸ்டரைப் பற்றி, தலைகீழ் வளையம்தான் மரக் கோஸ்டரின் எதிர்காலம் என்று இதே உறுதியோடு இங்கே எழுதியவர் இவர். 2000-ல் திறந்தார்கள், 2006-ல் விபத்து, 27 பேருக்குக் காயம், பிறகு வளையத்தைக் கழற்றினார்கள், 2009-க்குப் பிறகு ஓடவே இல்லை, 2012-ல் இடித்தார்கள். எதிர்காலம் வந்து போய்விட்டது. அன்று நான் சந்தேகம் கேட்டதற்கு “கோஸ்டர் ஏறாதவர்களோடு பேசிப் பயனில்லை” என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் நினைவிருக்கிறது.

கடைசிவரிசை:
நினைவிருக்கிறது என்றால் முழுசாக இருக்க வேண்டும். அந்த விபத்து வளையத்தில் நடக்கவில்லை. வேறொரு பகுதியில் மரச்சட்டம் உடைந்து தடம் தாழ்ந்தது. வளையத்தைக் குறை சொல்ல வேண்டும் என்றால் வளையத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

பழையகணக்கு:
ஆக மரம் உடையும் என்கிறீர்கள். நன்றி.

நிழற்குடை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதை வேகம் என்கிறீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே? முதல் இறக்கத்தின் அடியில் வரும் வேகத்தைப் பெரும்பாலும் உயரம்தான் தீர்மானிக்கிறது, அங்கே கிரீஸால் அதிக வித்தியாசம் வராது. இழுவை குறைந்ததன் பலன் ஓட்டத்தின் பின்பாதியில், கடைசி மேடுகளைத் தாண்டும்போதுதான் தெரியும். உச்ச வேகம் ஒரு விஷயம், கடைசி மேட்டின் வேகம் இன்னொரு விஷயம். குலுக்கலும் அப்படித்தான். சட்டம் அங்குலக் கணக்கில் அசைவது வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு, அசையாவிட்டால்தான் முறியும். சக்கரத்துக்கும் தடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் பெட்டி பக்கவாட்டில் தட்டுவது இன்னொன்று. பள்ளத்தில் விழுந்து எழும் அடி மூன்றாவது. நட்டுபோல்ட்டு மூன்றாவதைத் திட்டுகிறார், கடைசிவரிசை முதலாவதைப் புகழ்கிறார். முதலில் இதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

நட்டுபோல்ட்டு:
எந்த மேடாக இருந்தாலும் எனக்குச் சரி. அளந்தீர்களா?

முன்சீட்டு:
கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பள்ளமும் மேடும் ஒன்றுதான், எல்லாமே அடி. முன்வரிசையில் உட்காருங்கள், காற்று முகத்தில் அடிக்கும், கண்ணெதிரே தடம் காணாமல் போகும். கோஸ்டர் என்றால் அதுதான். பின்னால் உட்கார்கிறவர்கள் அடுத்தவன் தலையைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

கடைசிவரிசை:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உச்சியில் முன்பெட்டி தயங்கித் தயங்கித்தான் எட்டிப் பார்க்கும், ஏனென்றால் பாதி ரயில் இன்னும் சங்கிலியில் ஏறிக்கொண்டிருக்கும். பின்பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ள அத்தனை பெட்டியின் எடையும் கீழே இழுக்க, வேகமாகவே தாண்டும். அந்த இழுப்பில்தான் உடம்பு இருக்கையை விட்டு எழும். பீனிக்ஸ் என்ற மரக் கோஸ்டரில் பழைய ஒற்றை நிலை லேப் பார், தொடைக்கு மேலே தாராளமாக இடம் விட்டுத்தான் பூட்டும். அதில் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து காற்றைப் பற்றிப் பேசுங்கள். காற்றுதான் வேண்டும் என்றால் மோட்டார் சைக்கிள் போதும்.

முன்சீட்டு:
அடி வாங்குவதை அனுபவம் என்று நம்ப வைத்துவிட்டார்கள் உங்களை. பாவம்.

நிழற்குடை:
மூன்று இருக்கை வரிசை உள்ள பெட்டியில் நடு வரிசையில் உட்காருங்கள். அச்சு முன்னும் பின்னும் இருப்பதால் நடுவில் அடி குறைவு. கடைசிப் பெட்டியின் நடு வரிசை என்றால் இரண்டும் கிடைக்கும்.

முன்சீட்டு:
நடுவில் உட்கார நான் என்ன நீதிபதியா?

நட்டுபோல்ட்டு:
இருக்கைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரிசை ஐயா, நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் சைக்ளோனின் தாங்குசட்டம் எதில் செய்தது? இரும்பு. 1927-லேயே இரும்பு. மர மகிமைக்குக் கொண்டுவந்த முதல் சாட்சியே இரும்புக் காலில் நிற்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது?

நிழற்குடை:
சக்கரம் ஓடும் தடம் மரமா இரும்பா என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள், சட்டத்தை வைத்து அல்ல. 2006-ல் வந்த வாயேஜ் என்ற கோஸ்டருக்கும் இரும்புச் சட்டம்தான், அதையும் எல்லோரும் மரக் கோஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

மரமண்டை:
அப்படியானால் ஸ்டீல் வெஞ்சன்ஸ் மரக்கால் போட்ட இரும்பு, சைக்ளோன் இரும்புக்கால் போட்ட மரம். இரண்டையும் கட்டி வைத்தால் பிறக்கும் குழந்தைக்கு என்ன பெயர்?

கடைசிவரிசை:
கால் இரும்பாகவே இருக்கட்டும். சக்கரம் காலின் மேலா ஓடுகிறது? ஏழெட்டு அடுக்குப் பலகையை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து, அதன் மேல் மெல்லிய இரும்புப் பட்டை பதித்த தடம் அது. அந்தப் பலகை அடுக்குதான் வண்டியின் எடையை வாங்கி, கொஞ்சம் உள்ளிழுத்து, கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. இரும்புக் குழாய்த் தடம் வண்டியைச் சுமக்கும், அவ்வளவுதான்.

மரத்தின் மகிமை என்ன என்றுதானே கேட்டீர்கள். ஏற ஆரம்பித்ததும் பின்னால் சரியாமல் பிடிக்கும் பல் டக் டக் டக் என்று விழும் சத்தம், அது நின்றதும் வயிற்றில் விழும் அமைதி. கிரீஸும் பழைய மரமும் கலந்த வாசனை. இறங்கும்போது கையை உயர்த்தினால் குறுக்குச் சட்டம் வெட்டிவிடும் போல் நெருங்கி வரும். வெட்டாது, இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள், ஆனால் உங்கள் கை தானாகக் கீழே வரும். எதிர்ப்பக்கம் வண்டி போகும்போது முழுச் சட்டமும் நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் ஒரு ஆள் அந்தத் தடம் முழுவதும் நடந்து, தளர்ந்த போல்ட்டை முடுக்கிவிட்டு வருகிறார். நட்டுபோல்ட்டு என்று பெயர் வைத்துக்கொண்டவர் அந்த ஆளின் கைவேலையைப் பராமரிப்புப் பாக்கி என்கிறார்.

இன்னொன்று. லீப் தி டிப்ஸ் என்ற கோஸ்டர் 1902-ல் கட்டியது, உலகில் மிஞ்சியிருப்பவற்றில் அதுதான் மூத்தது. தடத்தின் அடியில் பிடித்துக்கொள்ளும் சக்கரமே அதற்குக் கிடையாது, கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் அந்தச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியதே 1919-ல்தான். வண்டி தடத்தின் மேல் சும்மா உட்கார்ந்து போனது. மிகப் பெரிய இறக்கமே ஒன்பது அடி. வேகம் சைக்கிள் வேகம். ஆனாலும் ஏறியவர்கள் கத்தினார்கள். எண்ணில் எல்லாம் இருக்கிறது என்றால் அந்த ஒன்பது அடிக்கு யார் கத்தியிருப்பார்கள்? 1985-ல் மூடிக் கிடந்ததை 1999-ல் மறுபடி ஓட வைத்தார்கள், சும்மா இல்லை. சைக்ளோனையும் மீன்காட்சியகத்தை விரிவாக்க இடிக்கப் பார்த்தார்கள், ஆட்கள் விடவில்லை. எந்த இரும்புக் குழாய்க்காவது இப்படிச் சனம் குறுக்கே நின்றதா?

நட்டுபோல்ட்டு:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வாசனை வருகிறது, சத்தம் வருகிறது. மாலை வேகம் மட்டும் வரவில்லை. அளந்தீர்களா?

பழையகணக்கு:
அந்த ஒன்பது அடிக்குக் கத்தியவர்கள், அடியில் சக்கரம் இல்லை என்று தெரிந்ததால் கத்தினார்கள். அதற்குப் பயம் என்று பெயர்.

மரமண்டை:
நான் ஒரு வழி சொல்கிறேன். இணையத்தில் முன்வரிசையிலிருந்து எடுத்த வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரே கோஸ்டர், காலையில் ஒன்று மாலையில் ஒன்று எடுத்துக் கடிகாரத்தைப் பிடியுங்கள். முன்சீட்டு ஆட்களும் ஒருமுறை பயன்படுவார்கள்.

கடைசிவரிசை:
கிங்ஸ் ஐலண்ட்டிலேயே உள்ள பீஸ்ட் என்ற மரக் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் வந்தது, நாலு நிமிடத்துக்கு மேல் ஓட்டம், காட்டுக்குள்ளே போகும். நீண்ட ஓட்டத்தில்தான் வித்தியாசம் சேர்ந்து தெரியும். இருட்டியபின் எடுத்ததையும் பகலில் எடுத்ததையும் ஒப்பிடுங்கள்.

நட்டுபோல்ட்டு:
இருட்டில் எடுத்த வீடியோவில் எந்த மேடு என்று எப்படித் தெரியும்? நல்ல கோஸ்டராகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதில் இரண்டு இடத்தில் சங்கிலி ஏற்றம் வேறு. சங்கிலி மோட்டாரில் ஓடுவது, அங்கே கிரீஸ் கதை செல்லாது. அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கணக்கே பொய். உச்சியைத் தாண்டியபின் தொடங்க வேண்டும்.

கடைசிவரிசை:
நானும் உச்சியிலிருந்துதான் சொல்கிறேன்.

நட்டுபோல்ட்டு:
எங்கே சொன்னீர்கள்? காட்டுங்கள். இன்னொரு விஷயம், வண்டி நிறைய ஆள் இருந்தால் காலி வண்டியைவிட வேகமாகவே ஓடும். எடை கூடினால் காற்றாலும் உராய்வாலும் அவ்வளவு சீக்கிரம் அடக்க முடியாது. மாலையில் கூட்டம் அதிகம். வேகம் கூடினால் அது ஆட்களால் கூடியது, உங்கள் கிரீஸால் இல்லை.

கடைசிவரிசை:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் வேகம் கூடுகிறது என்று ஒத்துக்கொண்டுவிட்டார்.

நட்டுபோல்ட்டு:
ஒத்துக்கொள்ளவில்லை. “கூடினால்” என்று எழுதியிருக்கிறேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவருக்கு அந்த “னால்” கண்ணில் படாது.

பழையகணக்கு:
படாது. சன் ஆஃப் பீஸ்ட் விஷயத்திலும் நான் “இருந்தால்” என்றுதான் எழுதினேன்.

முன்சீட்டு:
கூட்டம் அதிகம் என்றால் முன்வரிசைக்குத் தனி வரிசை நிற்கும். பின்வரிசை காலியாகவே கிடக்கும். எடை எங்கே கூடுகிறது?

கடைசிவரிசை:
பின்வரிசை காலியாம்! முன்சீட்டு நண்பர் கோஸ்டரில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்பது இப்போது புரிகிறது. நட்டுபோல்ட்டு, உங்கள் “னால்” உங்களிடமே இருக்கட்டும். வண்டி நிறைந்தால் வேகம் கூடும் என்று எழுதியது நீங்கள், அதை அளந்துவிட்டா எழுதினீர்கள்? இல்லையே. உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

நட்டுபோல்ட்டு:
அது இயற்பியல். உங்களுடையது தொடை.

கடைசிவரிசை:
தொடைக்கும் இயற்பியல் உண்டு. இந்த இரும்புக் கால் விஷயத்தையும் நான் விடப்போவதில்லை, நாளை வந்து எழுதுகிறேன்.

மரமண்டை:
மாலையில் எழுதுங்கள், வேகமாக வரும்.